காய்ச்சலுக்கு முன்னாலேயே தெரியும்

என் கணவருக்கு அடிசன் நோய். இளம் வயதில் வந்த காசநோய், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இரண்டையும் பாழாக்கிவிட்டது. காலையில் 10 மி.கி., மதியம் 5, சாயங்காலம் 5 என்று ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை போடுகிறார். கூடவே உடம்பில் உப்பு தங்குவதற்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன்.

மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பே கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரந்துகொள்ளும். அவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ஒரு வயிற்றுப்போக்கே போதும்: ரத்த அழுத்தம் இறங்கும், சோடியம் குறையும், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இந்த நோயுள்ளவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் காரணங்களில் வாந்தியும் பேதியும்தான் முன்னால் நிற்கின்றன. பிறகு மற்ற கிருமித் தொற்றுகள்.

தெர்மாமீட்டர் 100-ஐத் தொடட்டும் என்று நான் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு நோட்டில் அன்றாடம் இரண்டு வரி எழுதிவைப்பேன். ஒவ்வொரு முறை படுத்த பிறகும் முந்தைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால், முதல் நாளே ஏதோ ஒன்று மாறியிருக்கும். அவருக்கு முதலில் காபி பிடிக்காமல் போகிறது. டம்ளர் அப்படியே ஏடு படிந்து கிடக்கும். "அப்புறம் குடிக்கிறேன், வை" என்பார். அடுத்து இடுப்புக்குக் கீழே வலி. சாதத்துக்கு உப்பு கேட்பார், ஊறுகாய் பாட்டிலைத் தேடுவார். பேச்சு குறையும், சின்ன விஷயத்துக்குக்கூடச் சிடுசிடுப்பார். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் எனக்குப் போதும். உங்கள் வீட்டுக்காரருக்கு அடையாளங்கள் வேறாக இருக்கும். அதனால்தான் நோட்டு வேண்டும் என்கிறேன்.

அப்போது ரத்த அழுத்தக் கருவியை எடுப்பேன். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை. மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் டாக்டருக்கு உடனே போன். தலை சுற்றுகிறது என்றால் நிற்கவைத்துப் பார்க்கவே மாட்டேன்; அதுவே பதில்.

காலண்டரும் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கலங்கும், டெங்கு வரும், காய்ச்சின தண்ணீர்தான். கத்திரி வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் மோரில் உப்புப் போட்டுக் கொடுக்கிறேன். பல் பிடுங்குவது, ஆபரேஷன் போன்றவற்றுக்கு முன்னாலேயே டாக்டரிடம் அளவைக் கேட்டுவிடுகிறோம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இந்த ஸ்டீராய்டைச் சீக்கிரமாகவே உடம்பில் கரைத்துவிடும். எந்தப் புது மருந்தானாலும் இந்த நோயைச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவோம்.

எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்கு இது: காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் மாத்திரை இரண்டு மடங்கு, 102.2-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, குணமாகும் வரை. பிறகு பழைய அளவு. உங்களுக்கான கணக்கை உங்கள் டாக்டரிடம் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஞாபகத்தை நம்ப முடியாது. சந்தேகமாக இருந்தால் கொடுத்துவிடுவதே நல்லது. இரண்டு நாள் கூடுதலாகப் போட்டதால் பெரிய கெடுதல் வராது. கொடுக்காமல் விட்டதால் போன உயிர்கள் உண்டு.

மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பேன். அதுவும் வெளியே வந்தால் ஊசிதான். 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் பொடி, சின்னக் குப்பியில் இருக்கும். அதில் தண்ணீர் மருந்தை ஏற்றிக் குலுக்கினால் வெள்ளைப் பொடி தெளிந்துவிடும். சிரிஞ்சில் இழுத்துத் தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள் போட வேண்டும். அவசரமென்றால் வேட்டியை விலக்கினாலே போதும். காலாவதியான குப்பிகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, மருந்து கரைத்து இழுக்கும் வரை நானும் என் மகனும் அதிலேயே பழகினோம். போட்டவுடன் 108. தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரியில்தான் பொறுமையும் அழுத்தமும் வேண்டியிருக்கிறது. ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று அவரைக் காக்கவைத்தார்கள். அன்றிலிருந்து அவர் சட்டைப்பையில் லேமினேட் செய்த அட்டை இருக்கிறது: அட்ரீனல் குறைபாடு, ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது, ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. உடனே, நார்மல் சலைன் டிரிப், பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். கீழே எங்கள் டாக்டரின் கையெழுத்து. அதை முதலில் நீட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

எங்களுக்கு நோயைவிடச் சிரமம் கொடுப்பது சொந்தக்காரர்களின் அக்கறை. "ஸ்டீராய்டு எலும்பை அரிச்சிடும், கொஞ்சம் கொஞ்சமா விட்டுடச் சொல்லுமா" என்பார் மாமியார். "அத்தை, அவர் உடம்பு தானே சுரக்க வேண்டியதை, அது சுரக்காததால நாம குடுக்கறோம். அதை எப்படி விடறது?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஒரு தடவையில் புரியவில்லை. இப்போது, தன் மகன் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினால் எனக்கு முதலில் குரல் கொடுப்பவர் அவர்தான்.