கைத்தோலும் காக்கணும், சிஸ்டர்!

திருவள்ளூர் மாவட்டத்து ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களில், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஒரே டியூட்டியில் தடுப்பூசி போடுவார், புண்ணுக்குக் கட்டுக் கட்டுவார், பிரசவமும் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும். விரலிடுக்கு வெடித்து எரிய ஆரம்பித்துவிட்டால் கை கழுவவே மனம் வராது. வெடிப்புகளில் கிருமியும் எளிதில் தங்கும். அதனால் கைத்தோலைப் பார்த்துக்கொள்வது அழகு விஷயமல்ல. நோய்த்தொற்றுத் தடுப்பில் அதுவும் ஒரு வேலை.

முதலில் சோப்பைக் குறையுங்கள். கையில் ரத்தமோ அழுக்கோ தெரியாதபோது ஸ்பிரிட் கலந்த ஹேண்ட் ரப் போதும். ஸ்பிரிட்தான் தோலைக் கெடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் தோலின் எண்ணெய்ப் பசையை அதிகம் உரித்தெடுப்பது சோப்பும் தண்ணீரும்தான். உலக சுகாதார நிறுவனம் 2009 வழிகாட்டியில் தந்த ஹேண்ட் ரப் செய்முறையில், 80 சதவீத எத்தனாலோடு 1.45 சதவீத கிளிசரினும் இருக்கிறது. தோல் வறளாமல் இருக்கவே அது. உள்ளங்கை நிறைய எடுத்து, விரல் நுனி, கட்டைவிரல், இடுக்கு என்று 20 முதல் 30 விநாடி தேய்த்துத் தானாகக் காயவிடுங்கள். ரப் பட்டதும் எரிந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, தோல் ஏற்கெனவே புண்ணாகியிருக்கிறது என்று பொருள். எரிகிறதே என்று சோப்புக்குத் திரும்பினால் புண் இன்னும் பெரிதாகும்.

கழிப்பறை போய்வந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டாலும், கையில் ரத்தம் பட்டாலும் சோப்பு கட்டாயம். கையை நனைத்த பிறகே சோப்பைத் தொடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். சோப்பு துளியும் தங்காமல் அலசி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். கழுவிய கையோடு உடனே ரப்பும் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஈரக்கையில் கிளவுஸ் மாட்டாதீர்கள். வேலை முடிந்ததும் கழற்றி, கையைச் சுத்தம் செய்யுங்கள். கிளவுஸ் போட்ட சில நிமிடங்களில் அரிப்போ தடிப்போ மூச்சிரைப்போ வந்தால் லேடெக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி, நைட்ரைல் கிளவுஸ் கேளுங்கள்.

இடைவேளையிலும் டியூட்டி முடிந்ததும் தூங்கப்போகும்போதும் வாசனையில்லாத கிரீம் தடவுங்கள். வாசலினும் தேங்காய் எண்ணெயும் வீட்டோடு இருக்கட்டும். அவை லேடெக்ஸ் கிளவுஸைப் பலவீனமாக்கும். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி துவைக்கும்போதும் கையுறை போடுங்கள். டியூட்டியில் பாதுகாத்த தோல் பல வீடுகளில் அடுப்படியில்தான் கெடுகிறது.

நீர் கசிந்தாலும் சீழ் வைத்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரம் பார்த்தும் வெடிப்பு ஆறவில்லையென்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவ வேண்டாம்.

பொருள்கள் கேட்டு இண்டென்ட் போடும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பணியாளர்களுக்குக் கைக் கிரீம் கொடுக்கச் சொல்வதும் அதே 2009 வழிகாட்டிதான். ஹேண்ட் ரப் பாட்டிலோடு அதையும் சேர்த்து எழுதுங்கள்.