கீறிட்ட இடத்தில் எது முதலில்?

செட்டிபாளையத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவே என் வீட்டு விறாந்தை. பின்னேரத்தில் சாதாரண தரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கணினி படிக்க அங்கேதான் வருவார்கள். முத்து அண்ணாமலையின் ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியைப் பார்த்த ஆசையில், கணக்குப் போட மட்டும் தெரிந்த ஒரு குட்டித் தமிழ் மொழியை அவர்களுக்காக எழுதினேன். எழில் பைத்தானில் எழுதப்பட்டது. நான் பழைய ஆள். சி மொழியும், இலக்கணத்தைக் கொடுத்தால் பாகுபடுத்தி எழுதித்தரும் பைசனும்தான் கைக்கு வந்தன.

என் மொழியில் ‘பதிப்பி’ என்று தமிழில் எழுதலாம். பிழைவிட்டால் மட்டும் ‘சின்டாக்ஸ் எரர்’ என்று இங்கிலிஷில் வந்து நிற்கும். “சேர், இது எனக்கு ஏசுதா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அன்றிரவே பிழைச் செய்திகளைத் தமிழாக்க உட்கார்ந்தேன்.

செய்திகள் மொத்தமே சில வரிகள்தான். தமிழாக்கியது அரை மணி நேரம், அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தது இரண்டு கிழமை. பைசனின் செய்திகள் நம் நிரலின் மொழிபெயர்ப்புக் கோப்பில் இருப்பதில்லை. ‘பைசன்-ரன்டைம்’ என்ற தனிக் கோப்பில் இருக்கும், அதுவும் பைசன் எங்கே நிறுவப்பட்டதோ அங்கே. அந்த இடம் கணினிக்குக் கணினி மாறும். அதைத் தேடிச் சொல்லத்தான் பைசனோடு ஒரு ஆட்டோகான்ஃப் மேக்ரோ வருகிறது. அதை உங்கள் எம்4 கோப்புறையில் போட்டு, கான்ஃபிகர் கோப்பில், மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்ட்டின் மேக்ரோவுக்குப் பிறகு அழையுங்கள். நிரலின் தொடக்கத்தில் மொழிபெயர்ப்புக் கோப்புறையை இரண்டு தடவை காட்டவேண்டும்: ஒன்று உங்களுடையது, மற்றது பைசனுடையது.

இதையெல்லாம் செய்தும் இங்கிலிஷ்தான் வந்தது. காரணம் வெட்கக்கேடு. மொழிபெயர்ப்பை இயக்கும் வரையறையை மேக்ரோ கான்ஃபிக் தலைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தது. அந்தக் கோப்பை நான் மெயினில் சேர்த்தேன், இலக்கணக் கோப்பின் தலையில் சேர்க்கவில்லை. அதனால் அந்த வரையறை பாகுபடுத்தியின் கண்ணிலேயே படவில்லை. கம்பைலரும் மூச்சு விடவில்லை. இப்போதெல்லாம் அந்த வரையறை இல்லையென்றால் கம்பைலே ஆகாதபடி ஒரு நிபந்தனை வரி போட்டுவிடுகிறேன். நீங்களும் போடுங்கள்.

அடுத்தது, லினக்ஸில் இலங்கைத் தமிழ் லோக்கேல் உருவாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் சூழல் மாறியில் அதன் பெயரை எழுதினாலும் கெட்டெக்ஸ்ட் சட்டை செய்யாது.

ஒருவழியாகத் தமிழ் வந்தது. வந்த பிறகுதான் உண்மையான கூத்து.

பைசனின் விரிவான செய்தி, பள்ளியில் எழுதும் ‘கீறிட்ட இடம் நிரப்புக’ மாதிரி. இங்கிலிஷில் முதல் கீறில் வந்த சொல், இரண்டாம் கீறில் வரவேண்டிய சொல். நான் தமிழ் வாயில் வருகிறபடி எழுதினேன்: “___ வரவேண்டிய இடத்தில் ___ வந்துள்ளது.” ஒரு பையன் மூடும் அடைப்புக்குறியை விட்டுவிட்டான். திரை சொன்னது: “வரிமுடிவு வரவேண்டிய இடத்தில் ‘)’ வந்துள்ளது.” அவன் பத்து நிமிடம் அந்த அடைப்புக்குறியைத் தேடினான். “எங்க சேர் வந்திருக்கு?” வந்திருந்தால்தானே!

சி மொழியின் பிரின்ட்எஃப் என்றால் கீறுகளுக்கு எண் கொடுத்து இடம் மாற்றலாம். பைசன் தன் செய்திக்குப் பிரின்ட்எஃபை அழைப்பதில்லை. தானே இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு போகிறது. எண் கொடுத்தால் அந்த எண்ணே திரையில் வந்து நிற்கும். ஆகவே வரிசையை மாற்றாத வாக்கியம் வேண்டும். வேற்றுமை உருபும் ஒட்டக்கூடாது, அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒரு ‘ஐ’ தொங்கினால் அழகா? கடைசியில் இப்படி எழுதினேன்: “வந்தது ___, வரவேண்டியது ___.” தந்தி மாதிரி இருந்தாலும் பொய் சொல்லாது.

மறுகா இன்னொரு இடி. ஒரு மாணவனின் மடிக்கணினியில் நிரலை நிறுவினோம், மறுபடி இங்கிலிஷ். அதில் பைசனே இல்லை, பிறகு அதன் செய்திக் கோப்பு எங்கிருந்து வரும்?

2020இல் வந்த பைசன் 3.6 இந்தத் தொல்லைகளில் பாதியைத் தீர்த்தது. பிழைச் செய்தியை எழுதும் பொறுப்பை முழுக்க நம் கையிலேயே வாங்கிக்கொள்ளும் வழி அதில் உண்டு. வந்த சொல் எது, வரக்கூடியவை எவை என்று பைசன் சொல்லும். வாக்கியம் நம்முடையது, மொழிபெயர்ப்புக் கோப்பும் நம்முடையது. ‘வரிமுடிவு’ போன்ற பெயர்களையும் மொழிபெயர்க்கலாம். இன்று தொடங்குகிறவர் நேரே இதற்கே போகலாம் என்பேன். பழைய பைசன் உள்ள கணினிகளிலும் கம்பைல் ஆகவேண்டுமென்றால்தான் மேக்ரோ வழி.

பிழை இருக்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறியை மட்டும் இன்னும் சரிக்கட்ட முடியவில்லை. நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் ஃப்ளெக்ஸ் தரும் நீளம் பைட் கணக்கு. ‘கொ’ என்ற ஒரே எழுத்து ஆறு பைட். அம்பு பிழையைத் தாண்டி வலது பக்கம் வெறும் வெளியில் போய் நிற்கிறது. முதலில் “ஏசுதா” என்று கேட்ட அதே பிள்ளை இப்போது திரையில் விரலை வைத்து, ஆறுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று பின்னால் எண்ணிக்கொண்டு வருகிறாள்.