முதலில் முள்ளைப் பாருங்கள், பிறகு பம்ப்பை மாற்றுங்கள்

லிஃப்ட் பம்ப்பை மாற்றினால் வண்டிக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. ட்யூனரும் பெரிய இன்ஜெக்டரும் போட்டு ஏற்கெனவே ஏற்றிவிட்ட சக்திக்குப் போதுமான டீசலைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அது சேர்க்கத் தவறினால், அதற்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் விலை உயர்ந்த இன்ஜெக்‌ஷன் பம்ப் போய்விடும்.

அமெரிக்காவில் 1998 நடுப்பகுதியிலிருந்து 2002 வரை விற்ற டாட்ஜ் ராம் 2500, 3500 டீசல் பிக்கப்புகள் இதற்குப் பேர்போனவை. 5.9 லிட்டர், 24 வால்வு கம்மின்ஸ் இன்ஜின். அதில் போஷ் நிறுவனத்தின் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்ப். கம்பெனியிலிருந்து வரும்போது மாடலைப் பொறுத்து 215 முதல் 245 குதிரைத்திறன். ஆர்வலர்கள் அதை 500 வரை இழுத்துவிடுகிறார்கள். அந்த அளவுக்குப் போன வண்டியை மனதில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

விபி44 தனக்கு வரும் டீசல் முழுவதையும் இன்ஜினுக்கு அனுப்புவதில்லை. பெரும்பகுதி அதன் வழியே ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, டேங்குக்கே திரும்பிவிடும். உள்ளே உராயும் பாகங்களுக்கு எண்ணெயும் அந்த டீசல்தான். மேலே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குக் குளிர்ச்சியும் அதுவேதான். வரத்து குறைந்தால் தேய்மானமும் சூடும் சேர்ந்து வரும். ஸ்கேனரில் பி0216 என்ற கோடு விழுந்துவிட்டால் விபி44 தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ராமின் பழைய லிஃப்ட் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே பொருத்தப்பட்டது. அங்கே சூடும் அதிகம், அதிர்வும் அதிகம். போதாக்குறைக்குப் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து அவ்வளவு தூரம் டீசலை உறிஞ்ச வேண்டும். இந்த வகை மின் பம்ப்புக்குத் தள்ளுவது சுலபம், உறிஞ்சுவது கஷ்டம்.

கேஜ்

வேலையின் முதல் படி, புது பம்ப்பை ஆர்டர் செய்வது அல்ல. விபி44-இன் நுழைவாயிலில் ஒரு அழுத்தமானி. ஃபில்டருக்கு முன்னால் அளந்தால் அடைத்த ஃபில்டர் கண்ணில் படாது. டீசல் குழாயை நேராக கேபினுக்குள் கொண்டுவரும் மெக்கானிக்கல் கேஜ் வேண்டாம்; எலக்ட்ரிக் சென்சார் போதும். சென்சாரை இன்ஜின் மேலேயே முறுக்கிவிடாமல், சிறிய ஹோஸ் ஒன்றின் நுனியில் தள்ளி வையுங்கள். நடுவே ஒரு ஊசி வால்வு வைத்து, மயிரிழை மட்டும் திறந்து விடுங்கள். விபி44 அனுப்பும் அழுத்தத் துடிப்பு நேராக மோதினால் நல்ல சென்சாரும் சில மாதங்களில் செத்துப்போகும்.

இனி ஓட்டிப் பாருங்கள். ஐடிலில் என்ன காட்டுகிறது என்பதைவிட, லோடு ஏற்றி, மேட்டில், ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தும்போது முள் எங்கே போகிறது என்பதே கேள்வி. அப்போது 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் மாற்றியாக வேண்டும். ஐடிலில் 14 காட்டி, மேட்டில் 4-க்குச் சரியும் வண்டிகள் உண்டு; ஓட்டுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

எவ்வளவு பெரிய பம்ப்?

டீசல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 180 கிராம் எரிபொருள் குடிக்கும். 500 குதிரைத்திறன் என்றால் 90 கிலோ, அதாவது ஏறக்குறைய 107 லிட்டர், 28 கேலன். பிறகு ஏன் மணிக்கு 95, 150 கேலன் என்று பம்ப் விற்கிறார்கள்? திரும்பிப் போகும் குளிர்ச்சி டீசலையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது ஒரு காரணம். பெட்டியில் அச்சடித்த எண், பெரும்பாலும் எதிர் அழுத்தம் இல்லாமல் அளந்தது என்பது இன்னொன்று. ஃபாஸ், ஏர்டாக் போன்ற கிட்டுகளில் 100 கேலனை ஒட்டியது 400 குதிரைத்திறன் வரை தாராளம்; 500-க்கு 150 எடுங்கள். அதற்கு மேல் போவது வீண் செலவு என்பது என் கருத்து.

பொருத்துவது

டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக டீசல் இருக்கும்போது தொடங்குங்கள். நிரம்பிய டேங்க் 100 கிலோவைத் தொடும். அதை ஜாக்கில் இறக்குவது ஆபத்து. பின் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றிச் சாய்க்க இரண்டு பேர் கிடைத்தால் அது இன்னும் எளிது.

புது உறிஞ்சு குழாய்க்கு டேங்கின் மேல்பக்கம் ஓட்டை போட வேண்டும். ஹோல் சாவின் பற்களில் தாராளமாக கிரீஸ் தடவுங்கள். சுருள் சுருளாக வரும் பிளாஸ்டிக் சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே விழுந்தது ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, தரையிலிருந்து அரை அங்குலம் விட்டு நிறுத்துங்கள். திரும்பும் டீசல் உறிஞ்சு குழாயின் பக்கத்தில் விழக் கூடாது. விழுந்தால் நுரையையே பம்ப் மறுபடி இழுக்கும்.

பம்ப்பை இடதுபக்கச் சட்டத்தில், டேங்குக்கு அருகில், முடிந்தவரை தாழ்வாகப் பொருத்துங்கள். ராமில் டேங்கும் அந்தப் பக்கம்தான், சைலன்சர் குழாய் மறுபக்கம். பம்ப்பிலிருந்து விபி44 வரை அரை அங்குல ஹோஸ் இழுத்து, பழைய பேன்ஜோ போல்ட்டுகளைத் தூக்கி எறியுங்கள். அவற்றின் குறுகிய துளைகளை விட்டுவைத்தால் பெரிய பம்ப் வாங்கியதற்கே அர்த்தமில்லை. இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த துணுக்கு விபி44-க்குள் போகும். திரவ சீலன்ட் போதும்.

வயரிங்கில் ஒரே ஒரு விதி. பழைய பம்ப்புக்கு மின்சாரம் இன்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து நேராக வருகிறது. அந்த வயரில் புது பம்ப்பை மாட்டினால் அதிக ஆம்பியர் இழுத்து கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். ரிலேவை இயக்கும் சிக்னலுக்கு மட்டும் அந்த வயர். பம்ப்புக்கான மின்சாரம் ஃப்யூஸ் வழியாக பேட்டரியிலிருந்து.

ஏர் எடுப்பது

ஃபில்டர்களை மாட்டியபின் ஸ்டார்ட்டரை ஒரு கணம் தட்டி, இன்ஜின் பிடிப்பதற்குள் சாவியை ஆன் நிலைக்கு விடுங்கள். பம்ப் 25 விநாடி போல ஓடும். முள் நிலைத்து நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இன்ஜெக்டர் லைன் நட்டுகள் சிலவற்றைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஏரை வெளியேற்றுங்கள். அந்த நேரத்தில் கை பக்கத்தில் போகக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

சூடான ஐடிலில் 15 முதல் 18 பிஎஸ்ஐ வைத்துக்கொள்ளுங்கள். முழு ஆக்ஸிலேட்டரிலும் 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. முதல் நூறு மைல் ஓடியதும் எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்து, ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். புது ஃபில்டர் ஒன்றை சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். வழியில் முள் மெல்ல மெல்ல இறங்கினால், பம்ப்பைச் சந்தேகிக்கும் முன் அதை மாற்றிப் பாருங்கள்.