இசியூ போச்சுன்னு சொன்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி "எதனால?"ன்னு கேளுங்க

எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 42,000. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பெட்ரோல் கார் ஒருநாள் லஸ் கார்னர் சிக்னல்ல நின்னுடுச்சு. டோ பண்ணிக் கொண்டு போன ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனரை மாட்டிப் பார்த்துட்டு, "இசியூ அவுட், மாத்தணும்"னு சொன்னாங்க. புதுசு 58,000 ரூபாய். கிரெடிட் கார்டுல இஎம்ஐ போட்டுக் கட்டினார். ஒன்பதாவது நாள் கார் மறுபடி நின்னுச்சு, அதே மாதிரி. "எலக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு வாரண்டி கிடையாது சார், இன்னொண்ணு போடணும்"னு பதில்.

அப்புறம்தான் என்கிட்ட வந்தார். எனக்கு கணக்குதான் தெரியும், கார் தெரியாது. ஆனா தி.நகர் பக்கம் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரைத் தெரியும். அவர் முதல்ல இசியூவைத் தொடவே இல்லை. இக்னிஷன் காயில்களை ஒவ்வொண்ணா கழட்டி அளந்தார். ஒண்ணு மட்டும் சூடானதும் உள்ளே ஷார்ட் ஆகுது. ஷார்ட் ஆன காயில் அளவுக்கு மேல கரண்ட் இழுக்கும். அந்த காயிலை ஆன், ஆஃப் பண்ற டிரான்சிஸ்டர் இசியூவுக்குள்ள இருக்கு, அது எரிஞ்சு போகும். முதல் இசியூ அப்படித்தான் செத்தது. காயிலைப் பார்க்காம புது இசியூ போட்டதால அதுவும் அதே வழியில் போயிடுச்சு.

காயில் 2,800 ரூபாய். எரிஞ்ச டிரான்சிஸ்டரை மாத்தி இசியூவை ரிப்பேர் பண்ணினது 6,500. மொத்தம் 9,300-ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலைக்கு 67,300 செலவு. இதுல இஎம்ஐ வட்டியைச் சேர்க்கலை.

இசியூங்கறது இன்ஜினை நடத்துற குட்டி கம்ப்யூட்டர். அது தானா கெட்டுப்போறது குறைவு, பெரும்பாலும் வெளியில இருந்து ஏதாவது ஒண்ணு அதைக் கெடுக்கும். ஷார்ட் ஆன காயில் அல்லது இன்ஜெக்டர், எலி கடிச்ச வயர், ஹெட்லைட்டுக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் கண்ட இடத்துல வெட்டி ஒட்டின வயரிங், தண்ணி புகுந்த கப்ளர். ஜம்ப் ஸ்டார்ட் பண்ணும்போது பிளஸ் மைனஸ் மாத்திக் கொடுத்தாலும் போகலாம். இன்னொண்ணு நம்ம பழக்கம். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டி ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதான்னு பார்க்கறது. அம்பாசடர், ஃபியட் காலத்து வித்தை அது. இன்னைக்கு காரில் அப்படிக் கழட்டினா, அந்த நொடியில் வோல்டேஜ் எகிறும், அதைத் தாங்குற பேட்டரி லைன்ல இருக்காது. யாராவது உங்க கார்ல அதைப் பண்ண வந்தா தயவுசெஞ்சு தடுத்துடுங்க.

அதைவிட முக்கியம்: "ஸ்கேனர்ல இசியூ பேசலை"ங்கறது இசியூ செத்ததுக்கு ஆதாரம் இல்லை. இசியூவுக்கு கரண்ட் போகலைன்னாலும் அது பேசாது. எர்த்து சரியில்லைன்னாலும் பேசாது. சென்சார்களுக்கு இசியூ 5 வோல்ட் கொடுக்கும், ஏதோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகி அந்த லைனை இழுத்துட்டா பல கார்ல இசியூ ஊமையாயிடும். சென்சார் கப்ளர்களை ஒண்ணொண்ணா பிடுங்கிப் பார்த்தா, ஒரு கட்டத்துல ஸ்கேனர் பேச ஆரம்பிக்கும். அப்போ குற்றவாளி அந்த சென்சார்தான், இசியூ இல்லை.

நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ன கார்ல, இன்ஜின் ஆஃப்ல, பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே விழுந்தா பேட்டரி மேல சந்தேகப்படுங்க. ஓடும்போது பொதுவா 13.8-லிருந்து 14.7 வரைக்கும். 15-ஐத் தாண்டினா ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரைக் கவனிக்கணும். அடுத்து எர்த்து: மீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணு இன்ஜின் உலோகத்துல, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட் பக்கம் இருந்தா நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்து பட்டை துருப்பிடிச்சிருக்கு. மயிலாப்பூர், பெசன்ட் நகர் உப்புக்காத்துல இது சகஜம், சுரண்டித் துடைச்சு முறுக்கினாலே சரியாகலாம். மீட்டரை எங்கே வைக்கணும்னு வீடியோல காட்டியிருக்கேன்.

இசியூ கப்ளர்ல கை வைக்கறது எலக்ட்ரீஷியன் வேலை. நீங்க கேட்க வேண்டியது ஒண்ணு: "கரண்டும் எர்த்தும் வருதான்னு பல்பு போட்டுப் பார்த்தீங்களா?" ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டிருக்கற வயர்லகூட மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்பு எரியாது. பார்த்த அளவுகளையும், பழைய இசியூவை எது எரிச்சதுங்கறதையும் ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. பழைய இசியூவைத் திருப்பி வாங்குங்க. தம்பியோட ஜாப் கார்டுல "இசியூ ரீபிளேஸ்"னு ரெண்டே வார்த்தை, பழைய இசியூவும் கைல இல்லை. ஆடிட்ல வவுச்சர் இல்லாத செலவு மாதிரிதான், எந்த கன்ஸ்யூமர் கமிஷன்ல போய் எதைக் காட்டறது?

"இன்ஷூரன்ஸ் இருக்கே சார்"னு கேட்பீங்க. ஸ்டாண்டர்டு பாலிசி மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் கொடுக்காது. காயில் ஷார்ட் ஆகி இசியூ போனா அது உங்க செலவு. ஆனா வெள்ளம், புயல் பாலிசியில் கவர் ஆகும். 2015 டிசம்பர்ல அடையாறு ஊருக்குள்ள வந்தப்பவும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் அப்பவும் தண்ணில நின்ன கார்கள் இந்த வகை. அதே எரிஞ்ச இசியூ, காரணம் தண்ணியா ஷார்ட்டாங்கறதைப் பொறுத்து கிளைம் மாறுது. 2024 அக்டோபர் மழை எச்சரிக்கைக்கு வேளச்சேரி மேம்பாலத்துல காரை வரிசையா நிறுத்தினவங்களைக் கிண்டல் பண்ணினோம். கணக்குப்படி அவங்கதான் புத்திசாலிகள்.

தண்ணி ஏறின காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க, சாவியைக்கூடத் திருப்பாதீங்க. ரிப்பேர் பண்ணாம ஓட்டி அதனால கூடுற சேதம் உங்க பொறுப்புன்னு பாலிசி நிபந்தனையிலேயே இருக்கு. தண்ணி எந்த மட்டம் வரைக்கும் வந்ததுன்னு தெரியற மாதிரி போட்டோ எடுத்துட்டு, கம்பெனிக்குச் சொல்லிட்டு, டோ பண்ணுங்க. தண்ணி இழுத்து இன்ஜின் லாக் ஆறதுக்கு இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் தனியா வேணும். அதை ரினியூவல்லயே எடுத்து வைங்க, புயல் வந்த பிறகு கேட்டா கிடைக்காது.

கிளைம் ஏத்துக்கிட்டாலும் முழுசா வராது. நாலு வருஷத்துக்கு மேல, அஞ்சுக்குள்ள இருக்கற காருக்கு உலோக, எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ்ல தேய்மானம் 35%. 58,000-ல 20,300 போயிடும். 1500 சிசி வரைக்கும் கட்டாயக் கழிவு 1,000. மீதி 36,700 கம்பெனி, 21,300 நீங்க. ஜீரோ டெப் இருந்தா அந்த 20,300 மிச்சம்.

சின்ன வேலைக்கு கிளைம் போடறதுக்கு முன்னாடி நோ கிளைம் போனஸைப் பாருங்க. 50% போனஸ்ல இருக்கீங்க, ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000-னு வைங்க. ஒரு கிளைம் போட்டா போனஸ் பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45-னு ஏறித்தான் மறுபடி 50. இழக்கறதைக் கூட்டினா 125%, அதாவது 10,000 ரூபாய். வருஷாவருஷம் பிரீமியம் இறங்கறதால கொஞ்சம் குறையும். 6,000 ரூபாய் வயரிங் வேலைக்கு இது நஷ்டம்.

புதுப்பேட்டையில் பழைய இசியூ கிடைக்கும், விலை ரொம்பக் கம்மி. பார்ட் நம்பர் அச்சு அசலா ஒத்துப்போகணும், இம்மொபிலைசர் இருந்தா சாவியோட மறுபடி இணைக்கணும், பில் இல்லைன்னா கிளைம்ல சேராது. ரிப்பேர் பண்ண முடியுமான்னு கேட்டுட்டு அப்புறமா அங்க போங்க.

கிளைமை மறுத்தா காரணத்தை எழுத்துல வாங்குங்க. கம்பெனிக்கு எழுதி 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம். அங்கேயும் முதல்ல கேட்கப் போறது, காரணத்தை எழுதின அந்த ஜாப் கார்டு மாதிரி பேப்பரைத்தான்.