கடலோர நகரின் அருங்காட்சியகம்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில் லைம் ரீஜிஸ் என்னும் சிறுநகர் உள்ளது. அங்குத் தெருவிளக்குகளும் அம்மோனைட்டு என்னும் பழங்காலக் கடலுயிரியின் சுருள் வடிவில் அமைந்துள்ளன. கடலை ஒட்டி நிற்கும் நகர அருங்காட்சியகம் அளவிற் சிறியது. இலண்டன் அருங்காட்சியகங்களைக் கண்டவருக்கு அது ஒரு வீடு போலவே தோன்றும். ஒரு வீடு இருந்த இடத்தில்தான் அது எழுந்தது. 1799 ஆம் ஆண்டு மேரி அன்னிங் பிறந்த வீடு அது.

மேரியின் தந்தை தச்சர். கடற்கரைப் பாறைகளில் கிடைக்கும் புதைபடிவங்களைத் திரட்டி, ஊருக்கு வரும் பயணிகளிடம் விற்றும் வந்தார். 1810 இல் அவர் கடனை விட்டுவிட்டு மறைந்தார். அதன்பின் புதைபடிவங்களே குடும்பத்திற்குச் சோறு போட்டன. குளிர்கால மழையில் பாறைச்சரிவுகள் இடிந்து விழும்போதுதான் புதியவை வெளிப்படும். ஆகவே, பிறர் வீட்டினுள் ஒடுங்கியிருக்கும் நாள்களில் மேரி கரைக்குச் சென்றார். 1833 இல் இடிந்து விழுந்த பாறை, அவருடன் வந்த நாயைக் கொன்றது. அவர் மயிரிழையில் தப்பினார்.

1811 இல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு மேரி அதன் உடற்பகுதியைக் கண்டுபிடித்தார். அது இக்தியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வன. 23 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அதன் மண்டையோடு இன்று இலண்டனில் உள்ளது. சிற்றூர்களின் சிறந்த பொருள்கள் தலைநகருக்குச் செல்வதும், நினைவு மட்டும் ஊரில் தங்குவதும் எங்கும் உள்ள வழக்கந்தானே!

1823 இல் மேரி முழுமையான பிளீசியோசார் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். இவ்வளவு நீண்ட கழுத்து இருக்க இயலுமா எனப் பிரெஞ்சு அறிஞர் குவியே ஐயுற்றார், பின்னர் ஏற்றுக்கொண்டார். 1824 இல் இலண்டன் புவியியல் கழகத்தில் அதனைப் பற்றி உரையாற்றிய கானிபியர், கண்டெடுத்தவர் பெயரைக் கூறவில்லை. அக்கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919 இல்தான். மேரியோ 1847 இலேயே மறைந்துவிட்டார்.

இன்று அவர் பிறந்த இடத்திலுள்ள அருங்காட்சியகத்தில் அவர் பெயர் தாங்கிய பகுதியே உண்டு. வழிகாட்டியுடன் கரைக்குச் சென்று புதைபடிவம் தேடவும் ஏற்பாடு செய்கின்றனர். கடல் வற்றும் நேரத்தில்தான் செல்ல வேண்டும். பாறைச்சரிவின் அடியில் நிற்கக் கூடாது.

சொற்பொருள்: புதைபடிவம் – பாறையில் பதிந்து கல்லாகிய பழைய உயிரின் எச்சம், ஐயுற்றார் – சந்தேகித்தார்.

பயிற்சி

1. மேரி மழைக்காலத்தில் கரைக்குச் சென்றது ஏன்?
2. உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு பொருளின் விளக்க அட்டையைப் படித்து வருக. அதனைக் கண்டெடுத்தவர் பெயர் அதில் உள்ளதா? ஐந்து வரிகளில் எழுதுக.