இரண்டு தோழிகள் பார்த்த காட்சி

குட்வில் எஸ்டேட் அந்தமானில் உள்ள ஊர். அங்கே இரண்டு தோழிகள். ஒருத்தி வீட்டில் துணி தைக்கிறாள். ஊரார் அவளைத் தையல்காரம்மா என்பார்கள். இன்னொருத்தி வீடு வீடாகப் பால் ஊற்றுகிறாள். அவள் பால்கார அக்கா. இருவரும் மாலை வகுப்பில் ஒன்றாக எழுத்துக் கற்றவர்கள்.

பால்கார அக்காவின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தையல்காரம்மாவின் பிள்ளைகள் சிறியவர்கள். மகளுக்கு எட்டு வயது. மகனுக்கு நான்கு வயது.

ஒரு நாள் பால்கார அக்கா கேட்டாள்.

"தங்கச்சி, செல்லுலார் சிறையில் தினமும் சாயங்காலம் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறதாம். நீ பார்த்திருக்கிறாயா?"

"எங்கே அக்கா? கப்பல் ஏறி வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். இங்கேயே பிறந்த நான் பார்க்கவில்லை."

"வருகிற சனிக்கிழமை போவோம். நீயும் நானும் மட்டும். ராத்திரி நகரத்தில் உன் நாத்தனார் வீட்டில் தங்குவோம்."

"பிள்ளைகள்?"

"ஏன், அவர்களுக்கு அப்பா இல்லையா?"

தையல்காரம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மனதில் நின்றது.

வீட்டில் பேச்சு

இரவு கணவனிடம் சொன்னாள். அவன் தயங்கினான்.

"சின்னவன் உன் பக்கத்தில் படுத்தால்தானே தூங்குவான்?"

மாமியாரும் கேட்டார். "பிள்ளைகுட்டிக்காரிக்கு வேடிக்கை எதற்கு?"

தையல்காரம்மா மெதுவாகச் சொன்னாள். "அத்தை, எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். கோயிலுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனேன். போன இடமெல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளை. எதையும் முழுசாகப் பார்த்ததில்லை."

வீட்டில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கணவன் சொன்னான். "போன மாதம் நான் பந்து ஆட்டம் பார்க்கப் போனேன். அன்றைக்குப் பிள்ளைகளை நீதானே பார்த்துக்கொண்டாய்? போய் வா. ஒரு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன்."

அம்மா எழுதிய சீட்டு

சனிக்கிழமை காலை தையல்காரம்மா ஒரு சீட்டு எழுதினாள்.

1. தம்பிக்குக் காரம் வேண்டாம்.
2. ராத்திரி கொசுவளை கட்டவும்.
3. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும். சீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.
4. நாத்தனார் வீட்டு போன் நம்பர் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

மகள் அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு சிரித்தாள்.

"அம்மா, கொசு 'வளை' இல்லை. கொசு 'வலை'. கையில் போடுவதுதான் வளை."

அம்மாவும் சிரித்தாள். எழுத்தைத் திருத்தினாள். சீட்டைச் சுவரில் ஒட்டினாள்.

சிறைக்குள்

தோழிகள் நகரத்துக்கு வந்தார்கள். அந்த நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். 2024ஆம் ஆண்டு வரை அதன் பெயர் போர்ட் பிளேர்.

பகல் நேரத்திலேயே சிறையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஆங்கிலேயர் இந்தச் சிறையைக் கட்டத் தொடங்கியது 1896இல். கட்டி முடித்தது 1906இல். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு பக்கம் ஏழு கட்டடங்கள் நீண்டன. ஒவ்வொன்றிலும் மூன்று மாடிகள். இப்போது மூன்று கட்டடங்களே மிச்சம் இருக்கின்றன.

ஒரு அறைக்கு ஒரு கைதி. ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும். அதனால் ஒரு கைதி மற்றவர் முகத்தைப் பார்க்க முடியாது. மாடு இழுக்கும் செக்கை மனிதர்கள் இழுத்தார்கள். நம் வ.உ. சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர் சிறையில் செக்கு இழுத்தார். இங்கேயும் அதே கொடுமை. ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். அது சுமார் பதின்மூன்றரை கிலோ. குறைந்தால் தண்டனை.

தையல்காரம்மா ஓர் அறைக்குள் போய் நின்றாள். சன்னல் எட்டாத உயரத்தில் இருந்தது.

"கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பார்க்க முடியாது" என்றாள்.

காட்சி

மாலை ஆனது. சீட்டு வாங்கி வரிசையில் நின்றார்கள். திறந்த வெளியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தையல்காரம்மா வீட்டுக்குப் போன் செய்தாள்.

"சின்னவன் என்ன செய்கிறான்?"

"இவ்வளவு நேரம் அழுதான்" என்றான் கணவன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா, நான் வந்திருக்கக் கூடாது."

பால்கார அக்கா அவள் கையைப் பிடித்தாள். "இப்போதும் அழுகிறானா என்று கேள்."

கேட்டாள். கணவன் சொன்னான். "இப்போது இல்லை. அவன் அக்கா கதை சொல்கிறாள். நீ காட்சியைப் பார்."

அவள் உட்கார்ந்தாள். விளக்குகள் அணைந்தன. மேடையில் நடிகர் யாரும் இல்லை. குரல் பேசியது. வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குப் போனது. கட்டடமே கதை சொல்வது போல இருந்தது. பேச்சு இந்தியில். அந்தமானில் வளர்ந்தவர்களுக்கு அது புரியாதா?

அந்தச் சிறையில் கைதி வீட்டுக்கு எழுத ஆண்டுக்கு ஒரே ஒரு கடிதம். தையல்காரம்மாவுக்குக் காலையில் எழுதிய சீட்டு நினைவு வந்தது. கண் கலங்கியது.

1933 மே மாதம் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நல்ல சாப்பாடு கேட்டார்கள். ராத்திரியில் விளக்கு கேட்டார்கள். படிக்கப் புத்தகம் கேட்டார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா என்ற மூவர் உயிர் விட்டார்கள். பிறகுதான் விளக்கும் புத்தகமும் கிடைத்தன.

காட்சி முடிந்தது. இருவரும் உடனே எழவில்லை.

"அக்கா, ஒரு புத்தகத்துக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார்கள்."

"ஆமாம். நாம் வகுப்புக்குப் போகவே எத்தனை நாள் சோம்பல் பட்டோம்!"

மறுநாள்

ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பினார்கள். மகன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். கணவன் கண்ணில் தூக்கம்.

"ராத்திரி மூன்று தடவை எழுந்தான். தினமும் நீ எப்படிச் சமாளிக்கிறாய்?" என்றான்.

அவள் பார்த்ததை எல்லாம் சொன்னாள். மகள் வாய் திறந்து கேட்டாள். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

"அந்தச் செக்கு எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

தையல்காரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

பேசுவோம்

1. தையல்காரம்மா ஏன் சீட்டு எழுதினாள்? அது யாருக்குப் பயன்பட்டது?
2. கைதிகள் உண்ணாவிரதம் இருந்து எவற்றைக் கேட்டார்கள்?
3. உங்கள் வீட்டில் பெண்களுக்கு ஓய்வு நாள் உண்டா? அன்று பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

எழுதுவோம்

வலை, வளை. தலை, தழை. கலை, களை. ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். நீங்கள் ஒரு நாள் வெளியூர் போனால் வீட்டாருக்கு என்ன சீட்டு எழுதுவீர்கள்? அதையும் எழுதிப் பாருங்கள்.