டிசம்பர் பனியில் வீடு விற்கிறீர்களா?

கனடாவின் டொராண்டோவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு பார்க்க வருவோர் குறைவு. ஆனால், கொட்டும் பனியிலும் வருபவர் பெரும்பாலும் வாங்கும் எண்ணத்தோடுதான் வருவார்.

• வாசற்படியில் பனியை வழித்து உப்புத் தூவுங்கள். ஈரக் காலணிகளைக் கழற்றி வைக்க ரப்பர் விரிப்பு போடுங்கள்.

• மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும். நண்பகலில் வரச் சொல்லுங்கள். திரைகளை விலக்கி, எல்லா விளக்குகளையும் போடுங்கள்.

• ஹீட்டரை 20, 21 டிகிரியில் வையுங்கள்.

• கிறிஸ்துமஸ் மரம் ஜன்னலை மறைக்க வேண்டாம். பரிசுப் பொருட்களைப் பத்திரப்படுத்துங்கள்.

• பனி மூடிய தோட்டத்தின் கோடைக்காலப் படங்களை மேசையில் வையுங்கள்.

• டிசம்பர் 25, 26 வங்கிகளுக்கு விடுமுறை. பணம் கைமாறும் தேதியை அதற்கேற்பக் குறியுங்கள்.

ஆண்டு முடிகிறதே என்று அவசரப்பட்டு விலையைக் குறைத்துவிடாதீர்கள்!